யாருக்காக இந்தக் கலரி?

எங்கட பீடத்தில் விரிவுரைகளுக்கு 80 வீத வரவு வேணும். வரவுத்தாள் வாங்கு வாங்காகப் போகும்போது ஒரே கை மூன்று கையெழுத்துப் போடுவதும் நடக்கும். இதை வாசிக்கிற கனபேருக்கு அந்தக் கலை தெரியும். ஆனால், விளையாட்டுப் பார்க்கப் போன மாணவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் வரவு எடுத்தது எண்டால் நம்புவீர்களா?

2019இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகம் அதைத்தான் செய்தது. மாணவர்கள் தங்கள் போனில் ஒரு செயலியைப் போட வேண்டும். உதைபந்தாட்டம் நடக்கும் நாளில் அவர்கள் மைதானத்துக்குள் நிற்கிறார்களா எண்டு அந்தச் செயலி பார்க்கும். வந்தால் 100 புள்ளி. கடைசிக் கால்பகுதி வரை நின்றால் இன்னும் 250 புள்ளி. புள்ளி கூடினவர்களுக்குப் பெரிய இறுதிப்போட்டிகளின் ரிக்கெற்றில் முன்னுரிமை. போன் நிற்கிற இடம்தான் அந்தச் செயலிக்குத் தெரியும், போனின் சொந்தக்காரர் நிற்கிற இடம் தெரியாது. ஆகவே அங்கேயும் ஒரே கையில் மூன்று போன் இருந்திருக்க இடமுண்டு.

பகிடியை விட்டுவிட்டு யோசித்தால் ஒரு கேள்வி வரும். அலபாமா சும்மா ஒரு அணி இல்லை. அந்த நாட்களில் நாட்டிலேயே முதல் வரிசை அணி. அவர்களின் மைதானத்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் இருக்கைகள். ரிக்கெற்றுக்குக் காசு கொடுக்க வெளியே ஆட்கள் நிற்கிறார்கள். அப்படியிருக்க, சில ஆயிரம் மாணவர்கள் நேரத்தோடு எழும்பிப் போவது ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை? மாணவரை இருத்தி வைக்க ஏன் இவ்வளவு பாடு?

இந்தக் கேள்வியோடு நாங்கள் பின்னால் போய்ப் பார்த்தோம். கிட்டத்தட்ட 150 வருடக் கதை. மாணவர் எங்கே உட்கார்ந்தார்கள், யார் உட்கார விடப்படவில்லை, பிறகு ஏன் உட்கார வரவில்லை என்ற கதை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே உதைபந்தாட்டம் எண்டால் நாங்கள் விளையாடுகிற உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற, தலைக்கவசம் போட்டு மோதுகிற அமெரிக்க விளையாட்டு. 15 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். கணக்குக்கு ஒரு மணித்தியாலம்தான். ஆனால் நிறுத்தி நிறுத்தி ஆடுவதால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போகும். மைதானத்தின் நீளம் 100 யார். நடுக்கோட்டுக்கு நேரே இருப்பவருக்கு இரண்டு பக்கமும் வடிவாகத் தெரியும். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருப்பவருக்கு மறுபக்கத்தில் நடப்பது எறும்பு ஊர்வது மாதிரி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க நடுவில் இருந்து மூலைக்குப் போன கதைதான்.

வேலியில் இருந்தவர்கள்

1869 நவம்பர் 6. நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் கல்லூரி மாணவர்களும் பிரின்ஸ்டன் மாணவர்களும் மோதினார்கள். ஒரு பக்கத்துக்கு 25 பேர். ரட்கர்ஸ் 6க்கு 4 என்று வென்றது. இதைத்தான் முதலாவது கல்லூரி உதைபந்தாட்டம் என்று சொல்கிறார்கள். இப்போதைய விளையாட்டை அது அவ்வளவாக ஒத்திருக்கவில்லை. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

பார்க்க வந்தவர்கள் நூறு பேரளவில். சிலர் மரவேலியில் ஏறி இருந்தார்கள், சிலர் நிலத்தில். ரிக்கெற் இல்லை, இருக்கை இலக்கம் இல்லை. போட்டியை ஒழுங்குசெய்ததும் மாணவர், விளையாடியதும் மாணவர், கத்தியதும் மாணவர். வேலியில் இருந்தவருக்கும் களத்தில் நின்றவருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்றைக்கு நீ ஆடு, நாளைக்கு நான் ஆடுறன் என்ற கணக்கு.

கத்துவதற்கும் பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. 1898 நவம்பர் 2ஆம் திகதி மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனி கம்பெல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று எல்லோரையும் ஒரே குரலில் கத்த வைத்தார். இன்று நாங்கள் படங்களில் பார்க்கிற 'சியர் லீடிங்' அங்கேதான் தொடங்கியது என்று சொல்லப்படுகிறது. அந்த வேலை அப்போது ஆண்களுடையது. மினசோட்டாவில் பெண்கள் அதில் சேர்ந்தது 1923இல். நாடு முழுக்கப் பெண்கள் கூடுதலாக வந்தது இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போன பிறகுதான்.

கொங்கிறீட் வந்தது

மரவேலியில் இருந்து கொங்கிறீட்டுக்குப் போக முப்பது, நாற்பது வருடம்தான் எடுத்தது. 1903இல் ஹாவார்ட் தன் மைதானத்தைக் கட்டியது. 1914இல் யேல் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 70,000 பேர் இருக்கக்கூடிய ஒரு பெரிய கிண்ணத்தையே கட்டியது. முதலாம் உலகப் போர் முடிந்த பிறகு இது ஒரு அலையாகப் பரவியது. 1922இல் ஒகாயோ, 1923இல் கலிபோர்னியாவின் பேர்க்லி, அதே வருடம் இலினோய், 1927இல் மிச்சிகன். இவற்றில் சில போரில் இறந்தவர்களின் நினைவாக எழுந்தவை. இலினோய் மைதானத்தின் தூண்களில் அந்தப் போரில் இறந்த மாணவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பல இடங்களில் மாணவர்களும் பழைய மாணவர்களும் காசு சேர்த்தார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சிகன் மைதானத்தில் தொடக்கத்திலேயே 72,000 பேரளவில் இருக்கலாம். அந்த நேரத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் எல்லோரும் ஒருவர் விடாமல் வந்திருந்தாலும் பாதிகூட நிரம்பியிருக்காது. அப்ப யாருக்காகக் கட்டினார்கள்?

அந்த மைதானத்துக்குக் காசு சேர்த்த விதத்திலேயே பதில் இருக்கிறது. 500 டொலர் பெறுமதியான கடன்பத்திரங்களை விற்றார்கள். வாங்கியவருக்கு வட்டியோடு இன்னொரு சலுகையும் கிடைத்தது. மைதானத்தின் நடுப்பகுதியில் இருக்கை வாங்கும் உரிமை, பத்து வருடத்துக்கு. 1920களில் ஒரு மாணவரிடம் 500 டொலர் சும்மா கிடந்திருக்காது. நடு இருக்கைக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்கக்கூடியவர் வெளியே இருக்கிறார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1929இல் கார்னகி நிறுவனம் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. விளையாட்டு வியாபாரமாகிவிட்டது, வீரர்களுக்கு மறைமுகமாகக் காசு போகிறது, மாணவர் கையில் இருந்த விளையாட்டு அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது என்பதுதான் அதன் சாரம். அறிக்கை பேசப்பட்டது. மைதானங்கள் இருந்தபடியே இருந்தன.

ஒரேயொரு பெரிய பல்கலைக்கழகம் மட்டும் வேறு மாதிரி முடிவெடுத்தது. சிக்காகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் பெரிய அணி. அதன் தலைவர் றொபேட் ஹட்சின்ஸ் 1939இல் உதைபந்தாட்டத்தையே நிறுத்தினார். ஸ்ராக் மைதானத்தின் கலரி வெறுமையானது. அந்த மேற்குக் கலரிக்குக் கீழே இருந்த இடத்தில்தான் 1942 டிசம்பர் 2ஆம் திகதி என்றிக்கோ பெர்மியின் குழு உலகின் முதலாவது கட்டுப்படுத்தப்பட்ட அணுச் சங்கிலித் தாக்கத்தை நடத்தியது. கத்துவதற்குக் கட்டிய இடத்தில், இரகசியமாக, அணுகுண்டுக்கான பாதை திறந்தது. ஒரு கலரி வெறுமையாவதால் மட்டும் நல்லது நடக்கும் என்றும் சொல்ல முடியாது. 1963இல் அங்கே உதைபந்தாட்டத்தை மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தபோது, அதை எதிர்த்த மாணவர்கள் களத்தின் நடுவிலேயே போய் உட்கார்ந்தார்கள். நடுக்கோட்டில் மாணவர் இருந்த அபூர்வமான நாட்களில் அதுவும் ஒன்று.

மாணவர் எண்டால் எந்த மாணவர்?

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருந்தது. 'முன்பு எல்லாம் மாணவருடையது, பிறகு காசுக்காரர் பறித்துவிட்டார்கள்' என்று எழுதிவிட்டுப் போவது சுகம். ஆனால் அது அரைவாசி உண்மைதான். மாணவர் பகுதி என்று ஒன்று இருந்த காலம் முழுக்க, அதற்குள் வர முடியாத மாணவர்களும் இருந்தார்கள்.

பேர்க்லி, ஸ்ரான்போட் போன்ற இடங்களில் கோஷமிடும் பகுதி நீண்ட காலம் ஆண்களுடையது. மாணவியர் புறம்பாக இருக்க வேண்டும். ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் 1963 வரை, சில விதிவிலக்குகளைத் தவிர, பெண்களைச் சேர்க்கவே இல்லை. தென்மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர் எந்தக் கலரியில் இருப்பது என்ற கேள்வியே எழவில்லை. அவர்களுக்கு வகுப்பறையிலேயே இடம் இல்லை.

அதை உடைக்க வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மெரடித். மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் அவரைச் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநில ஆளுநர் றொஸ் பார்னெற் மறித்துக்கொண்டு நின்றார். 1962 செப்ரெம்பர் 29, சனிக்கிழமை இரவு. ஜக்சன் நகரில் மிசிசிப்பி அணிக்கும் கென்ரக்கி அணிக்கும் போட்டி. இடைவேளையில் பார்னெற் களத்துக்கு வந்து ஒலிவாங்கியில் பேசினார். பேச்சு ஒரு நிமிடம்கூட இல்லை. மிசிசிப்பியை நேசிக்கிறேன், அதன் மக்களை நேசிக்கிறேன், எங்கள் வழக்கங்களை நேசிக்கிறேன் என்ற மாதிரிச் சில வசனங்கள். 'வழக்கம்' என்றால் என்ன என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கலரி முழுக்க அடிமைமுறையைக் காக்கப் போர் செய்த பழைய தென்கூட்டமைப்பின் கொடி அசைந்தது. அந்தக் கொடிகளைப் பிடித்தவர்களில் கனபேர் மாணவர்கள், எங்கட வயது ஆட்கள்.

அடுத்த நாள் இரவு பல்கலைக்கழக வளாகத்தில் கலவரம். இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் பிரெஞ்சுப் பத்திரிகையாளர். இராணுவம் வந்தது. ஒக்ரோபர் முதலாம் திகதி மெரடித் மாணவராகப் பதிவுசெய்தார். வளாகம் முழுக்க இராணுவம் நின்றதால் அடுத்த போட்டியையும் அங்கே நடத்த முடியாமல் ஜக்சனுக்கு மாற்றினார்கள். ஒரு கலரி எப்படி ஒரு அரசியல் கூட்டமாக மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

அந்தக் கொடி உடனே இறங்கவும் இல்லை. 1982இல் அங்கே முதலாவது கறுப்பினச் சியர் லீடராகத் தெரிவான ஜோன் ஹோக்கின்ஸ் அதைத் தூக்க மாட்டேன் என்று மறுத்தார். அடுத்த வருடம் பல்கலைக்கழகம் அது எங்களுடைய உத்தியோகபூர்வச் சின்னம் இல்லை என்று சொன்னது. ஆனாலும் கலரியில் கொடி அசைந்துகொண்டேதான் இருந்தது. கொடியைத் தடைசெய்தால் பேச்சுச் சுதந்திர வழக்கு வரும். ஆகவே 1997இல் ஒரு கெட்டித்தனம் செய்தார்கள். மைதானத்துக்குள் தடி கொண்டுவரக் கூடாது என்று விதி போட்டார்கள். காரணம், பாதுகாப்பு. தடி இல்லாமல் கொடியை எப்படிப் பிடிப்பது? 35 வருடம் பேசித் தீராத ஒன்று தடியில் பிடித்துத்தான் குறைக்கப்பட்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம் எண்டால், கலரியில் மாணவர் நிறைந்திருப்பது தன்னளவில் நல்ல விசயம் இல்லை. அங்கே யார் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

கத்தலுக்கும் விலை வந்தது

இனி ரி.வி. வருகிறது. முதலில் ஒரு பகிடிக் கதை. மாணவர் பகுதியில் எல்லோரும் நிற அட்டைகளைத் தூக்கிப் பிடித்துப் பெரிய படங்களையும் எழுத்துகளையும் காட்டுவது பழைய வழக்கம். ஒவ்வொரு இருக்கையிலும் எந்த நேரம் எந்த அட்டை என்று ஒரு தாள் இருக்கும். 1961 ஜனவரி 2ஆம் திகதி, கலிபோர்னியாவில் றோஸ் போல் போட்டி, வொஷிங்ரன் அணியும் மினசோட்டா அணியும். கல்ரெக் என்ற தொழினுட்பக் கல்லூரிக்கு அந்தப் போட்டியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அதன் மாணவர் சிலர் முன்கூட்டியே வொஷிங்ரன் மாணவரின் தாள்கள் 2,232ஐயும் மாற்றிவிட்டார்கள். அட்டைகள் உயர்ந்தபோது நாடு முழுக்க ரி.வி. பார்த்தவர்களுக்குத் தெரிந்த எழுத்து 'கல்ரெக்'. தாங்கள் என்ன எழுதுகிறோம் என்று அட்டை பிடித்த மாணவருக்கே தெரியாது.

சிரிக்கலாம். ஆனால் இந்தக் கதைக்குள் ஒரு விசயம் ஒளிந்திருக்கிறது. மாணவர் பகுதி அப்போதே கமராவுக்கான படமாக மாறிவிட்டது. படத்தில் ஒரு புள்ளியாக இருப்பவருக்கு முழுப் படம் தெரியாது.

1984இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. அதுவரை எந்தப் போட்டியை ரி.வி.யில் காட்டலாம், எத்தனை தரம் காட்டலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கட்டுப்படுத்தியது. அது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் சொன்னது. பல்கலைக்கழகங்களும் அவற்றின் கூட்டுகளும் நேரடியாக ஒப்பந்தம் செய்யத் தொடங்கின. போட்டிகள் கூடின, காசு கூடியது. போட்டி தொடங்கும் நேரத்தை மாணவரின் வசதியோ வெயிலோ தீர்மானிப்பதில்லை, ஒளிபரப்புத் தீர்மானிக்கும். விளம்பரத்துக்காக ஆட்டம் நிற்கும். வீட்டில் இருப்பவர் அந்த நேரம் தேத்தண்ணி போடலாம். கலரியில் நிற்பவர் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

மற்றப் பக்கத்தில் நன்கொடையாளர். பெரிய பல்கலைக்கழகங்களில் நல்ல இருக்கை வேண்டுமானால் ரிக்கெற் விலைக்கு மேலாக ஒரு நன்கொடை கொடுக்க வேண்டும் என்ற முறை வளர்ந்தது. 1988இல் வந்த சட்டம் அந்த நன்கொடையின் 80 வீதத்தை வருமான வரியில் கழிக்க அனுமதித்தது. 2017இன் வரிச்சட்டம்தான் அந்தச் சலுகையை எடுத்தது. கிட்டத்தட்ட முப்பது வருடம், நடு இருக்கையில் இருந்து விளையாட்டுப் பார்ப்பதற்கு அரசின் வரிச்சலுகை! ஒரு மாணவர் இருக்கிற இடத்தில் ஒரு நன்கொடையாளர் இருந்தால் எத்தனை மடங்கு காசு என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நிர்வாகத்தில் இருந்தார்கள். பல இடங்களில் மாணவர் மூலைக்கும் கோல் கம்பத்துக்குப் பின்னாலும் போனது இப்படித்தான்.

மாணவரின் உற்சாகத்துக்கே உரிமைப் பத்திரம் எடுத்த கதையும் உண்டு. 1922 ஜனவரியில் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் அணியில் காயம்பட்டவர்கள் கூடிவிட, பார்வையாளர் பக்கம் நின்ற கிங் கில் என்ற மாணவரைப் பயிற்றுநர் கூப்பிட்டார். அவர் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரை தயாராக நின்றார். களத்தில் இறங்க வேண்டி வரவில்லை. அதன் நினைவாக அங்கே மாணவர்கள் இன்றைக்கும் போட்டி முழுக்க இருக்காமல் நிற்கிறார்கள். தேவையெண்டால் நாங்களும் வருவோம் என்பது அர்த்தம். அழகான வழக்கம்தான். 'பன்னிரண்டாவது ஆள்' என்று அதற்குப் பெயர். 1990இல் அந்தச் சொல்லைப் பல்கலைக்கழகம் வணிகச் சின்னமாகப் பதிவுசெய்தது. 2006இல் அதைப் பயன்படுத்திய சியற்றில் நகரத் தொழில்முறை அணிக்கு எதிராக வழக்கும் போட்டது. நிற்பது மாணவரின் கால். சின்னம் நிர்வாகத்தின் சொத்து.

நெரிசலில் போன மூச்சு

நாங்கள் வாசித்ததில் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் 1993 ஒக்ரோபர் 30. விஸ்கொன்சின் அணி பலமான மிச்சிகனை 13க்கு 10 என்று வென்றது. வென்ற மகிழ்ச்சியில் மாணவர்கள் களத்துக்குள் இறங்கப் பார்த்தார்கள். முன்னால் தடுப்புக் கம்பிகள். முன்னால் நிற்பவருக்குப் போக வழியில்லை என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டு முன்வரிசை கம்பியோடு நசுங்கியது. 70க்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். சிலருக்கு மூச்சே நின்றுவிட்டிருந்தது. இப்போதுதான் விளையாடி முடித்த வீரர்கள் கவசத்தோடு ஓடிவந்து ஆட்களை இழுத்து வெளியே எடுத்தார்கள். யாரும் இறக்கவில்லை.

1869இல் வேலியில் இருந்தவரும் களத்தில் நின்றவரும் ஒரே ஆட்கள் எண்டு மேலே சொன்னோம். அன்று மாலை சில நிமிடங்களுக்கு அது திரும்ப உண்மையானது. விளையாடியவர்களுக்கும் கத்தியவர்களுக்கும் ஒரே வயது, ஒரே வளாகம். இடையில் இருந்தது கம்பிதான்.

வெறும் இருக்கைகள்

2010களில் மாணவர் வருவது குறையத் தொடங்கியது. 2009க்கும் 2013க்கும் இடையில் பெரிய அணிகளின் போட்டிகளில் மாணவர் வரவு சராசரியாக 7 வீதமளவில் குறைந்ததாக 2014இல் வோல் ஸ்ரீற் ஜேர்னல் கணக்கெடுத்து எழுதியது. வென்றுகொண்டிருந்த அணிகளிலும் இது நடந்தது. ஏன்? ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். போனில் சிக்னல் இல்லை. வீட்டில் ரி.வி.யில் நல்லாத் தெரியும். பலவீனமான அணிகளைக் கூப்பிட்டு 50 புள்ளி வித்தியாசத்தில் அடிப்பதை யார் கடைசி வரை பார்ப்பது? படிப்புச் செலவுக்கு வேலை செய்கிற மாணவருக்குச் சனிக்கிழமை வேலைநாள்.

நிர்வாகங்கள் இதை ஒழுக்கப் பிரச்சினையாகத்தான் முதலில் பார்த்தன. மிச்சிகனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வருட மூப்பின்படி மாணவருக்கு நல்ல இருக்கை கிடைப்பது வழக்கம். மாணவர் பிந்தி வருகிறார்கள் என்று 2013இல் அதை எடுத்துவிட்டு, முந்தி வந்தவருக்கு முன் இருக்கை என்று ஆக்கினார்கள். நான்காம் வருட மாணவர் கொதித்தார்கள். அடுத்த வருடம் அதைத் திரும்ப மாற்ற வேண்டி வந்தது. ஆனால் 2014இல் மாணவர் பருவ ரிக்கெற் 295 டொலர். வாங்கிய மாணவர் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அதே செப்ரெம்பரில், இரண்டு கொக்கா கோலா வாங்கினால் போட்டி ரிக்கெற் கிடைக்கும் என்று ஒரு விளம்பரம் வெளியே வந்து எல்லோரும் சிரித்தார்கள். மாணவருக்கு 295, சோடா குடிப்பவருக்கு இலவசம்!

பிறகு சிரிப்பு நின்றது. செப்ரெம்பர் 27இல் தலையில் அடிபட்டுத் தடுமாறிய ஒரு வீரரைத் தொடர்ந்து ஆட விட்டார்கள். கலரியில் இருந்தவர்கள் அதைக் கண்ணால் கண்டார்கள். மூன்று நாட்களில் மாணவர்கள் வளாகத்தில் கூடி, விளையாட்டுப் பணிப்பாளர் போக வேண்டும் என்று கோஷமிட்டார்கள். கலரியில் கத்திப் பழகின குரல்தான். ஒக்ரோபர் 31இல் அவர் பதவி விலகினார். 2015இல் மாணவர் ரிக்கெற் 175 டொலருக்கு இறங்கியது.

எங்களுக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். அவர்கள் வராமல் விட்டதும் ஒரு பேச்சு, கூடி நின்றதும் ஒரு பேச்சு. இரண்டாவதை மட்டும்தான் வழக்கமாக அரசியல் என்று சொல்கிறோம்.

இப்போது அலபாமாவுக்குத் திரும்புவோம். பயிற்றுநர் நிக் சேபன், மாணவர் பாதியில் எழும்பிப் போவதைப் பல தடவை வெளிப்படையாகக் குறை சொன்னவர். அதற்குப் பிறகுதான் செயலி வந்தது. ஏன் என்ற எங்கள் முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். காசுக்காரர் நடுவில் இருந்து அமைதியாகப் பார்ப்பார். ரி.வி.க்கு அது காணாது. ரி.வி.க்கு முகத்தில் நிறம் பூசி, கட்டிப்பிடித்து, தொண்டை கிழியக் கத்துகிற இருபது வயது ஆட்கள் வேண்டும். அணியில் சேரலாமா என்று பார்க்க வருகிற பள்ளிக்கூட வீரருக்கும் அந்தச் சத்தம் கேட்க வேண்டும். நடு இருக்கையை விற்றாயிற்று. இப்போது விற்பனைக்கு இருப்பது சூழல். அந்தச் சூழலை உற்பத்தி செய்கிறவர்கள் மாணவர்கள். அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. பல இடங்களில் அவர்களே காசு கொடுத்து உள்ளே வருகிறார்கள். ஆகவே வரவு எடுக்கத்தான் வேணும். தொழிற்சாலை வாசலில் கார்ட் அடிக்கிற மாதிரி.

களத்தில் ஆடுகிறவர்கள் தங்கள் கணக்கைக் கேட்டு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். 2021இலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து உழைக்கலாம். 2025இலிருந்து பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகக் காசு கொடுக்கலாம். வேலியில் இருந்து சேர்ந்து தொடங்கின இரண்டு கூட்டத்தில் ஒன்று சம்பளத்துக்குப் போய்விட்டது. மற்றது புள்ளி சேர்க்கிறது.

ஆனாலும் எல்லாவற்றையும் செயலிக்குள் பிடிக்க முடியாது. 2024 ஒக்ரோபர் 5. பல காலமாகத் தோற்றுக்கொண்டே இருந்த வண்டர்பில்ற் பல்கலைக்கழகம் அதே அலபாமாவை 40க்கு 35 என்று வென்றது. மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கினார்கள். தோளில் வைத்துக்கொண்டு நாஷ்வில் நகரத் தெருக்களால் நடந்து போய்க் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள். தண்டப்பணம் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. விஸ்கொன்சினை வாசித்த பிறகு, கூட்டமாகக் களத்துக்குள் பாய்வதை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு புகழ மாட்டோம். ஆனால் அந்த இரவு கடைசி வரை நிற்க யாருக்கும் புள்ளி தேவைப்படவில்லை என்பதும் உண்மை. அங்கே நடந்தது அவர்களுடையது என்று அவர்கள் நினைத்தார்கள், அவ்வளவுதான்.

எங்கட வரவுத்தாளுக்கு வருவோம். விரிவுரையும் உதைபந்தாட்டமும் ஒன்றல்ல. அது எங்களுக்கும் தெரியும். ஆனால் இந்த வரலாற்றைப் படித்த பிறகு, எண்ணிக்கை எடுக்கிற எந்தத் தாளைக் கண்டாலும் ஒரு கேள்வி வருகிறது. இந்த எண்ணிக்கை யாருக்காக? ஒரு இருக்கை வெறுமையாக இருந்தால், அதில் இருக்க வேண்டியவரைச் சோம்பேறி என்று எழுதிவிட்டுப் போகலாம். அல்லது அவர் ஏன் வரவில்லை என்று அவரிடமே போய்க் கேட்கலாம். 150 வருடத்தில் அந்தப் பல்கலைக்கழகங்கள் முதலாவதைப் பல தடவை செய்துவிட்டன. இரண்டாவது வழியில் செயலியும் தேவையில்லை, புள்ளியும் தேவையில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இருந்தால் காணும்.